தாடிக்காரருக்கு வைத்த குங்குமம்

"சாமியே இல்லைன்ன மனுசனுக்குப் போயி குங்குமம் வெச்சிருக்கியேக்கா!"

மைசூரிலிருந்து கொள்ளேகால் போகும் பஸ். ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று முகப்பில் வாடிக் கிடந்தது. எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூடிப்போன நூல் மில் ஒன்றில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. குங்குமப் பொட்டு வைக்கப்பட்டவர், எங்கோ வெளிநாட்டில் புரட்சி நடத்திய தாடிக்காரத் தலைவர். அவர் படம் மூத்தவர் வீட்டுச் சுவரில் பூவும் பொட்டுமாக இருக்கிறதாம்.

"யூனியன் ஆபீசுல வருசா வருசம் மெசினோட சேத்து அவருக்கும் வெச்சமல்ல சரசா?"

"அப்பவும் தப்புத்தான். அவரு பேரச் சொல்லித்தான ஸ்டிரைக்குன்னு உக்காந்தோம்? மில்லே போச்சு."

"எட்டு மணி நேர வேலையோட வூட்டுக்குப் போனமே, அதும் அவரு பேரச் சொல்லித்தான்."

"அவரு ஊருல எத்தன பேரச் சுட்டாங்களாம். எம் பையன் போன்ல காட்டறான்."

"இருக்கும். நான் இல்லைங்கல. ஆனா மில்லுல நாம எடுத்த போட்டோ ஒண்ணாச்சும் இருக்குதா? மில்லு கேட்டப் பூட்டறப்ப எங் கைக்கு வந்தது அந்தப் படம் ஒண்ணுதான். அதப் பாத்தா மில்லுச் சங்குச் சத்தம் கேக்குது சரசா. நம்ம செட்டு மொகமெல்லாம் தெரியுது."

நரசிபுரம் தாண்டியதும் சரசா அவர் பக்கம் திரும்பினார்.

"அக்கா, குங்குமத்த மட்டும் தொடச்சுப்போடு. அந்த மனுசனுக்கு அது புடிக்காது. பூவு இருக்கட்டும்."