பதினோரு குண்டூசி

– அடுத்த கேள்வி. நிமிர்ந்து உக்காருங்க.

– நிமிர்ந்துதான் உக்காந்திருக்கேன். ஸ்டூல் குட்டை.

– நாளைக்கு ஆபீசர்கிட்டயும் ஸ்டூல் குட்டைன்னு சொல்வீங்களா?

– அங்க நாற்காலி போட்டிருப்பாங்க.

– போட்டிருப்பாங்க, போட்டிருப்பாங்க. மாப்பிள்ளை வர்றாருன்னு மெத்தையும் போட்டிருப்பாங்க. சொல்லுங்க. இந்த நாட்டுக்கு எதுக்கு வந்தீங்க?

– தொழில் பண்ண.

– என்ன தொழில்?

– துணி ஆல்ட்டரேஷன் கடை. பேன்ட் நீளம் கொறைக்கறது கோட்டுக்கு இடுப்புப் பிடிக்கறது ஜிப் மாத்தறது கிழிசல் தைக்கறது...

– மூச்சு விட்டுச் சொல்லுங்க! பஸ் கண்டக்டர் ஸ்டாப் பேரு சொல்ற மாதிரி இருக்கு.

– நீ முதல்ல அந்தக் கோட்டைக் கழட்டு. கஸ்டமரோடது.

– ஆபீசர்னா கோட்டு வேணாமா? இதைப் போட்டாத்தான் எனக்குக் கேள்வியே வருது.

– கை உன் முட்டி வரைக்கும் தொங்குது.

– அதான் கொறைக்கக் குடுத்திருக்காரு. பேச்சை மாத்தாதீங்க. கேள்வி நம்பர் ஒம்பது.

– பத்து. ஒம்பது முடிஞ்சிருச்சு. நோட்டுல டிக் போட்டுட்டேன்.

– நாப்பத்திரெண்டு கேள்விக்கும் நம்பர் போட்டு, சிவப்புப் பேனாவுல கோடு போட்டு... உங்க சாயங்கால வகுப்புல பாஷை சொல்லித் தர்றாங்களா, இல்ல கோடு போடவா?

– ரெண்டும். கேளு.

– கடைக்கு முதல் எங்கேருந்து வந்துச்சு?

– எங்க மனையை வித்தது பாதி. என் மனைவி ஏழு வருஷமா தச்சுச் சேத்தது பாதி.

– இது சரி. இதை மட்டும் எப்பவும் சரியாச் சொல்லிடறீங்க.

– மறக்கற விஷயமா அது?

– ம்... சரி. ஒரு கோட்டுக்கு இடுப்புப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

– அரை மணி.

– அரை மணியா! உள் துணியைப் பிரிக்கவே அரை மணி ஆகுங்க. முதுகுத் தையலைப் பிரிக்கணும், ரெண்டு பக்கமும் சமமா உள்ள வாங்கணும், இஸ்திரி போட்டு மடிப்பை உக்கார வைக்கணும், அப்புறம் உள் துணியைக் கையால மூடணும். மெஷின்ல மூடினா சுருங்கும். ரெண்டரை மணி நேரம்.

– சமமா வாங்கணும்னா, எப்படிச் சமம்னு தெரியும்?

– துணியோட இழையைப் பாத்தாத் தெரியும். இழை சாஞ்சா கோட்டே சாயும். போட்டவரு ஒரு பக்கமாச் சாஞ்சு நடக்கற மாதிரி இருக்கும்.

– ம். அப்புறம்?

– என்ன அப்புறம்? நான் எதுக்குச் சொல்லிட்டிருக்கேன்? நீங்கதானே சொல்லணும்!

– நீ சொன்னா எழுதிக்குவேன். அதையே அவங்க பாஷையில எப்படிச் சொல்லணும்?

– அது எனக்கு எங்க வருது... இருங்க. முதல்ல, உள்... உள் துணியை...

– ம்.

– பிரிக்கணும். அப்புறம் பின்பக்கத் தையலைத் திறக்கணும். ரெண்டு பக்கமும்... ஒரே அளவு.

– திறக்கணும்னு சொல்ற வார்த்தையை நான் வேற மாதிரி எழுதி வச்சிருக்கேனே.

– நீங்க எழுதினது கதவைத் திறக்கறதுக்கு. தையலுக்கு வேற. நம்ம கடை இஸ்திரி அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க.

– அவங்க இந்த ஊர்க்காரங்க. அப்போ அதான் சரி. மாத்திக்கறேன்.

– பத்து மாசமா வகுப்புக்குப் போறீங்க, கடைசியில இஸ்திரி அம்மா வார்த்தையை எழுதிக்கறீங்க.

– வகுப்புல தையலெல்லாம் வராது. 'ரயில் நிலையம் எங்கே இருக்கிறது' அதான் வரும்.

– ஆபீசர் அதைக் கேட்டா நல்லாச் சொல்லிடுவீங்க.

– சிரி, சிரி. இரு... இங்க மாட்டியிருக்கே ஒரு கோட்டு, கறுப்பு, லேடீஸ் கோட்டு. இதுல கஸ்டமர் பேர் எழுதின சீட்டே இல்லியே. யாருது?

– அது ஒரு அம்மாவுது.

– எந்த அம்மா? சீட்டு இல்லாம இந்தக் கடையில ஒரு பொத்தான்கூட இருக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?

– எனக்குத் தெரிஞ்சவங்க. நாளைக்குக் காலைல வேணுமாம். அதை விடுங்க, தொடாதீங்க. நீங்க தொட்ட கோட்டோட கதை ஊருக்கே தெரியும்.

– ஆரம்பிச்சுட்டியா...

– பதினோரு குண்டூசி!

– குத்திடுமேன்னுதான் எடுத்தேன்.

– கஸ்டமரை நிக்க வச்சு, திருப்பி, கையத் தூக்கச் சொல்லி, அளவு பாத்துப் பாத்து பதினோரு குண்டூசி குத்தி வச்சேன். மறுநாள் தைக்கலாம்னு பாப்பாவைக் கூட்டிட்டு வரப் போனேன். நீங்க அத்தனையையும் உருவி, டப்பாவுல தலை ஒரே பக்கமா வர்ற மாதிரி அடுக்கி...

– இஸ்திரி போட்டு மாட்டினதை ஏன் சொல்ல மாட்டேங்கற?

– ஆமா, சலவைக்குக் குடுத்த மாதிரி! அந்த மனுஷன் வந்து பாத்தா அவர் கோட்டு அவர் குடுத்த மாதிரியே இருக்கு. வந்தவரு யாரு? குடியேற்ற ஆபீஸ்லேருந்து கடையைப் பாக்க வந்த ஆபீசர்!

– நெத்தியில எழுதி ஒட்டிட்டா வந்தாரு? கஸ்டமர் மாதிரி வந்தாரு.

– அதான் விதி. யார் கடை நடத்தறாங்கன்னு கண்ணால பாக்கத்தான் அப்படி வர்றாங்க. நடத்தறவங்களுக்குத்தான் நிரந்தரமா இருக்க அனுமதி. நல்லாப் பாத்துட்டுப் போனாரு.

– நீ வந்து டேப்பே இல்லாம மறுபடியும் குத்தினதையும்தான் பாத்தாரு.

– அது... கைப்பழக்கம்.

– 'நீங்க எப்பவும் இடது கையில பை தூக்குவீங்க, அதான் இடது தோள் இறங்கியிருக்கு'ன்னு சொன்னே பாரு, அந்த மனுஷன் தன் தோளைத் தானே தொட்டுப் பாத்துக்கிட்டாரு.

– நான் சொன்னது அவருக்கு எங்க புரிஞ்சிருக்கும்? பாதி நம்ம பாஷை, பாதி ஜாடை.

– புரிஞ்சுது. அப்புறம்தான் ஆபீசர் அட்டையை எடுத்துக் காட்டினாரு.

– அதைப் பாத்ததும் நான் துணி மாத்தற ரூமுக்குள்ள போயித் திரையை இழுத்து விட்டுக்கிட்டேன்... நெனச்சா வெக்கமா இருக்கு. ஆபீசர்னாலே நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. விமானம் இறங்கி வந்த அன்னிக்கு என் பேரு என்னன்னு கேட்டாரு ஒருத்தரு. உங்க பேரைச் சொன்னேன்.

– பின்னாடி வரிசையில நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க.

– நீங்களும்தான் சிரிச்சீங்க.

– ...ஆமா. சிரிச்சேன்.

– அதான் மனு எழுதும்போதே சொன்னேன். எல்லாம் உங்க பேர்ல போடுங்க. எனக்கு வீட்டு வேலைன்னு எழுதுங்க, என்னை யாரும் எதுவும் கேக்க வேணாம்னு.

– எழுதினேனே. நீ சொன்னபடியே, கை கூசாம.

– இப்போ என்ன அதுக்கு? நாளைக்குப் பத்து மணிக்கு நீங்க ஒழுங்காப் பதில் சொன்னாப் போதும். இல்லேன்னா அறுபது நாள்ல ஷட்டரை இறக்கிட்டுக் கிளம்பணும். பாப்பா இப்பத்தான் பள்ளிக்கூடத்துல சிரிச்சுப் பேச ஆரம்பிச்சிருக்கா. இஸ்திரி அம்மாவுக்கு இந்த வயசுல வேற வேலை யாரு குடுப்பா?

– தெரியும்.

– தெரிஞ்சா ஊசி நம்பர் சொல்லுங்க. ஜீன்ஸுக்கு எந்த ஊசி?

– பதினாறு.

– பட்டுக்கு?

– அதுவும்... பதினாறு?

– ஐயோ! பட்டுல பதினாறு விட்டா கொசுவலை ஆயிடும். ஒம்பது! ஒம்பதுங்க. நூலு, பட்டன், ஊசி எல்லாம் யாரு வாங்கறாங்கன்னு கேட்டா?

– ஆர்டர் சீட்டு நான் எழுதுவேன். கையெழுத்து நீ போடுவே.

– அதைச் சொல்லாதீங்க. அப்புறம் என் கையெழுத்தைக் காட்டச் சொல்லப் போறாரு.

– காட்டினா என்ன? பாபின்ல சிக்கின நூல் மாதிரி இருக்கும். அவரு பாவம், பிரிக்க முடியாம விட்டுருவாரு.

– கத்தரிச்சுக்கிட்டே போடற கையெழுத்து அப்படித்தான் இருக்கும்.

– படிச்சாவது பாக்கறியா? நீட்டினாப் போடறே.

– நீங்க நீட்டறதைப் படிக்க வேற செய்யணுமா? அது இருக்கட்டும், ஆபீஸ்லேருந்து வந்த லெட்டர் எங்க? நாளைக்கு எடுத்துட்டுப் போகணுமே. ரெண்டு வாரமாச்சு, என் கண்ணுலயே காட்டல.

– பத்திரமா இருக்கு.

– எங்க?

– நோட்டுக்குள்ள... இங்க பாரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

– சொல்லுங்க.

– கத்திரிக்கோலைக் கீழ வை.

– எதுக்கு?

– வை, சொல்றேன். இன்னும் கொஞ்சம் தள்ளி வை.

– வச்சாச்சு. என்னங்க, பயமா இருக்கு. மனு தள்ளுபடியா?

– இல்ல, இல்ல. அதெல்லாம் இல்ல... அந்த ஆபீசர் கிளம்பும்போது கேட்டாரு. 'கடை யாரோடது?'

– நீங்க உங்களோடதுன்னு சொன்னீங்க. திரைக்குப் பின்னாடி கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.

– சொன்னேன். அவரு குண்டூசி டப்பாவைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, எதையோ எழுதிக்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் எனக்குச் சோறே இறங்கல.

– பல்லு வலின்னீங்க.

– பல்லு வலியில்ல. பல் டாக்டர்கிட்டயும் போகல. அன்னிக்கு அந்த ஆபீசுக்குப் போனேன். மனுவுல ஒரு தடவை திருத்தம் பண்ணலாமாம். ஒரே தடவை. வீட்டு வேலைன்னு இருந்ததை அடிச்சேன். 'தையல்காரர், கடையை நடத்துபவர்'னு எழுதினேன். உன் பேருக்கு நேரா. என் பேருக்கு நேரா 'கணவர், உதவியாளர்'. லெட்டர் உன் பேருக்குத்தான் வந்திருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டூல்ல உக்கார வேண்டியது நான் இல்ல. நீ. ஏதாவது பேசு. திட்டவாவது செய்.

– திருத்தத்துக்கு என் கையெழுத்து வேணுமே.

– அது வந்து... நாலு சீட்டு நீட்டினேன்ல, ஒரு நாள்? நீ வெல்வெட்டு கத்தரிச்சிட்டு இருந்தே. மூணு நூல் ஆர்டர். நடுவுல ஒண்ணு...

– ஏமாத்தி வாங்கிட்டீங்க.

– ஏமாத்தித்தான். தப்புதான். கேட்டிருந்தா நீ மாட்டேன்னிருப்பே. இப்பவும் வேணாம்னா சொல்லு, காலைல போயி நானே...

– போயி?

– மனுவைத் திரும்ப வாங்கிக்கறோம்னு எழுதிக் குடுக்கலாம். அப்புறம் அறுபது நாள்தான். அது வேற விஷயம்.

– அப்போ இத்தனை நாளாத் தப்புத் தப்பாப் பதில் சொன்னது?

– உன்னைப் பதில் சொல்லச் சொன்னா வாயே திறக்க மாட்டே. நான் தப்பாச் சொன்னா விடவே மாட்டே. கல்யாணம் ஆன நாள்லேருந்து பாக்கறேனே! நாப்பத்திரெண்டுல நாப்பத்தொண்ணுக்கு நீதான் பதில் சொல்லியிருக்கே. பதினெட்டு கேள்விக்கு அவங்க பாஷையிலயே. எல்லாம் டிக் போட்டு வச்சிருக்கேன்.

– அப்போ பட்டுக்குப் பதினாறுன்னது வேணும்னு சொன்னதா?

– ...அது நெஜமாவே தெரியாது.

– கோட்டுக்கு அரை மணி?

– அதுவும் தெரியாது.

– வேணும்னு எதைத்தான் தப்பாச் சொன்னீங்க?

– நேத்து கேட்டியே, ஜிப் கேள்வி. அது மட்டும். மத்ததெல்லாம்... நானே பயந்துட்டேன், எனக்கு இவ்வளவு தெரியாதான்னு. நடத்தறவ நீதான்னு எழுதினது பெரிய தியாகம்னு நெனச்சுட்டிருந்தேன். கேள்வி போகப் போகத்தான் தெரிஞ்சுது, அது வெறும் உண்மை.

– எழுந்திரிங்க.

– கோவமா?

– எழுந்திரிங்கன்னேன். இந்தாங்க, கோட்டைப் பிடிங்க. நீங்க போட்டுக்கிட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போங்க. நான் ஸ்டூல்ல உக்காரறேன்.

– உண்மையாவா?

– நேரம் ஆகுது, பாப்பாவைக் கூப்பிட நாலு மணிக்குப் போகணும். ம். கேளுங்க. அவங்க பாஷையில.

– சரி... வணக்கம். உங்க பேரு என்ன?

– இனிஷியல் சேத்தா, சேக்காமலா?

– ஏய்... நடுங்காமச் சொல்றியே! தூக்கி வாரிப் போடும்னு நெனச்சேன்.

– பொத்தானை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கீங்க. கழட்டிப் போடுங்க. அப்புறம் அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்துக் குடுங்க, போட்டுப் பாக்கறேன்.

– அது அந்த அம்மாவுக்கு நாளைக்குக் காலைல வேணும்னியே... இரு. சீட்டு இல்ல. உன் அளவு. இதை... இதை எப்போ தச்சே?

– போன வாரம், நீங்க வகுப்புக்குப் போனப்ப. நீங்க வகுப்புக்குப் போற நேரமெல்லாம் நான் சும்மாவா இருந்தேன்? உங்க நோட்டைப் புரட்டி, எழுத்துக் கூட்டி, இஸ்திரி அம்மாகிட்டக் கேட்டு... நீங்க மூணாவது பாடத்துல எழுதி வச்சிருக்கறது பூராத் தப்பு.

– அப்போ லெட்டரையும் பாத்துட்டியா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

– சொன்னா நீங்க சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிருப்பீங்க. நீங்க சொல்லிக் குடுத்து நான் சைக்கிள் கத்துக்கிட்ட லட்சணம் முட்டியில இன்னும் இருக்கு.

– அப்போ... லெட்டர் வந்தப்பத்தான் தெரிஞ்சுதா?

– அந்த நாலு சீட்டு நீட்டினப்பவே. நூல் வாங்க நான் பொறந்த தேதி எதுக்குங்க? நாலாவது வரிக்கு வந்ததுமே புரிஞ்சுபோச்சு. கத்திரிக்கோலைக் கீழ வச்சேன், உங்க பேனாவை வாங்கினேன்... எப்பவும் கிறுக்கறவ, அந்த ஒரு சீட்டுல மட்டும் என் முழுப் பேரையும் எழுத்தெழுத்தா எழுதினேனே, நீங்க பாக்கவே இல்லியா?