டாக்டர் பிக்ஸின் தாடி

எமெட்: கையில என்ன, பூவா? நான் இன்னும் சாகல விர்ஜில்.

விர்ஜில்: பீச் பழம் வெச்ச பலகாரம், ரூபி சுட்டுக் கொடுத்தா. பூ வாங்கலாம்னுதான் பாத்தேன்... உனக்கு வாங்க மனசு வரல.

எமெட்: உன் பொண்டாட்டிக்காவது என் மேல பிரியம் இருக்கு. உக்காரு. அந்த நாற்காலில இல்ல, அதுல கம்பளி இருக்கு பாரு. நெப்ராஸ்காவுல இருந்து ஒரு அம்மா பின்னி அனுப்பியிருக்கா.

விர்ஜில்: இந்தப் பூவெல்லாம்?

எமெட்: டெலிவிஷன்ல பாக்கறவங்க. தினம் வருது, வைக்க இடமில்ல.

விர்ஜில்: ம்... இடுப்பு எப்படி இருக்கு?

எமெட்: ஆணி அடிச்சு வெச்சிருக்காங்க. இனி குதிரைப் பக்கமே போகக்கூடாதாம்.

விர்ஜில்: குதிரையா? நீ விழுந்தது கோவேறு கழுதையில இருந்துன்னு செட்ல எல்லாரும் சிரிக்கறாங்க.

எமெட்: செட்லயா? நீ எப்ப செட்டுக்குப் போன?

விர்ஜில்: போகல... காப்பிக் கடையில பேசிக்கிட்டாங்க.

எமெட்: ஓ. தாடி எதுக்கு வளக்கற?

விர்ஜில்: சோம்பேறித்தனம். வேலை இல்லாதவன் யாருக்காகச் சவரம் பண்ணணும்? நீ பலகாரத்தைத் தின்னு.

எமெட்: திங்கறேன். ஏன் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்க?

விர்ஜில்: கம்பளியைப் பாத்துட்டுத்தான். நானும் நீயும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு வந்தோம். ஓக்லஹோமாவுல எண்ணெய்க் கிணத்து வேலையை விட்டுட்டு வந்தேன். அன்னிக்கில இருந்து கேமரா முன்னாடி செத்துக்கிட்டே இருக்கேன். கூரையில இருந்து விழுந்து, தூக்குல தொங்கி, பாம்பு கடிச்சு... எவனாவது ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டானா?

எமெட்: நீ செத்தா கை தட்டுவாங்களே.

விர்ஜில்: அதைத்தான் சொல்றேன். உனக்கு டாக்டர் பிக்ஸ்னு குடிகார டாக்டர் வேஷம். வாராவாரம் நாலு வார்த்தை பேசறே, ஒரு விஸ்கி குடிக்கறே. உனக்குக் கம்பளி வருது.

எமெட்: வயித்தெரிச்சலா?

விர்ஜில்: ஆமா. இருபது வருஷமா.

எமெட்: நீ மட்டும்தான்னு நெனைச்சியா? மாடிக் கம்பியை உடைச்சுக்கிட்டு குதிரைங்க தண்ணி குடிக்கற தொட்டியில விழுவியே... ஒருதடவை அதைப் பாத்துட்டு வீட்டுக்குப் போய் மேஜை மேல ஏறி விழுந்து பாத்தேன். என் பொண்டாட்டி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டா.

விர்ஜில்: பொய் சொல்லாத.

எமெட்: தோள்ல தழும்பு இருக்கு, காட்டட்டுமா?

விர்ஜில்: வேணாம்... எமெட், நான் ஒண்ணு சொல்லணும்.

எமெட்: சொல்லு.

விர்ஜில்: வர்ற திங்கக்கிழமையில இருந்து... டாக்டர் பிக்ஸ் நான்தான்.

எமெட்: நீ உள்ள நுழையும்போதே தாடி சொல்லிடுச்சு. காப்பிக் கடையாம்.

விர்ஜில்: தாடியும் தொப்பியும் இருந்தா ஆளு மாறினது யாருக்கும் தெரியாதுங்கறாங்க.

எமெட்: அப்படியா சொன்னாங்க... அவ்வளவுதானா நான்.

விர்ஜில்: அவங்க சொன்னதைச் சொன்னேன். உனக்குச் சொல்லாம நடிக்க எனக்குப் பிடிக்கல. அதோட... நன்றி சொல்லணும்.

எமெட்: எதுக்கு?

விர்ஜில்: தெரியாத மாதிரி கேக்கறே பாரு. படுக்கையில இருந்தே ஹாலிஸுக்குப் போன் பண்ணி என்னைப் பத்திப் பேசினியாமே. மனுஷன் தயாரிப்பாளர், அவரே சொன்னார். 'எமெட் உங்களைப் பத்தி ரொம்ப நேரம் பேசினார்'னு.

எமெட்: அவ்வளவுதான் சொன்னாரா?

விர்ஜில்: அது போதாதா? கேட்டதும் எனக்குக் கூசிப்போச்சு. இத்தனை வருஷம் உன்னை மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்திருக்கேன். எனக்கு இப்படி ஆகியிருந்தா உன் பேரைச் சொல்லியிருப்பேனா... சத்தியமாச் சொல்லியிருக்க மாட்டேன். நீ பெரிய மனுஷன் எமெட்.

எமெட்: பலகாரத்தை அந்தப் பக்கம் வை.

விர்ஜில்: ஏன், இனிப்பு அதிகமா?

எமெட்: வைன்னா வை. நான் போன் பண்ணினது நிஜம். யாருக்கு வேணா கொடுங்க, விர்ஜில் ஸ்டோக்ஸுக்கு மட்டும் கொடுக்காதீங்கன்னு கெஞ்சினேன். ஏன்னு கேட்டாரு. வேற எவன் நடிச்சாலும் ஜனங்க என்னைத் தேடுவாங்க, அவன் நடிச்சா ஒரே வாரத்துல என்னையே மறந்துடுவாங்க, அவ்வளவு நல்லா நடிப்பான்னு சொன்னேன். அடுத்த நிமிஷமே உன்னைக் கூப்பிட்டிருக்கான், பாவி.