பொங்காமூடி

பால் பொங்கி வழிந்த அடுப்பைத் துடைப்பதுபோல் அலுப்பான வேலை இன்னொன்று கிடையாது. சூட்டோடு துடைத்தால் கை சுடும். ஆறட்டும் என்று விட்டால் கருகி ஒட்டிக்கொள்ளும், கத்தியை வைத்துச் சுரண்ட வேண்டும். பர்னர் ஓட்டைகளில் அடைத்ததை ஊக்கால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டும். நீங்களும் குடும்பம் நடத்துகிறவர்தான் மேடம், உங்களுக்குத் தெரியாதது இல்லை. அந்த மூடி எப்படி என் பைக்குள் வந்தது என்று கேட்டீர்கள். அடுப்பிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

செவந்தி மதினி என் வீட்டுக்காரர் குழந்தைசாமியின் அக்கா. சின்ன வயதிலேயே தாலியறுத்து, கந்தர்வக்கோட்டையில் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவர். நான் வாக்கப்பட்டு வந்தபோது அடுப்படி அவர் கையில் இருந்தது. பிறகும் அவர் கையில்தான் இருந்தது. அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் முந்திரிக்கொட்டை உடைக்கப் போன வருஷங்களில் என் மகன் சரவணக்குமாரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவர்தான். இன்றைக்கும் சிங்கப்பூரிலிருந்து போன் போட்டால் அத்தை சாப்பிட்டாங்களா என்றுதான் முதலில் கேட்பான். நான் சாப்பிட்டேனா என்பது அப்புறம் வரும், சில நாள் வராது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போனபோது அக்காவை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அப்போது மதினி நன்றாகத்தான் இருந்தார். கொரோனா வந்து போனபிறகுதான் மூக்கு செத்துப்போனது. ரசம் தாளித்தாலும் தெரியாது, சாக்கடை அடைத்தாலும் தெரியாது. கூடவே மறதியும் சேர்ந்துகொண்டது. பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கோழிக்குத் தவிடு போட வாசலுக்குப் போவார். தெருவில் யாராவது போனால் நிறுத்திப் பேசுவார். உள்ளே பால் பொங்கி, தீயை அணைத்து, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். ஒரு தடவை பக்கத்து வீட்டு டீச்சர் சுடர்விழி வாடை பிடித்து ஓடி வந்து குமிழைத் திருகினாள். மதினிக்கு அவள் ஏன் ஓடி வந்தாள் என்றே விளங்கவில்லை.

"அதான் தீ அணைஞ்சிருச்சேத்தா. அணைஞ்ச அடுப்பை எதுக்குப் போயி அணைக்கணும்?" என்றார்.

விறகடுப்பில் வளர்ந்தவர். தீ தெரியாவிட்டால் அடுப்பு அணைந்துவிட்டது, அவ்வளவுதான் கணக்கு. நானும் குமிழைக் காட்டிக் காட்டிச் சொன்னேன், தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். மறுநாள் பழைய கதைதான். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சுடர்விழி விஷயத்தைச் சரவணனுக்குச் சொல்லிவிட்டாள். ஊருக்கு வந்த ஆள் ஒருவரிடம் அவன் அந்த மூடியைக் கொடுத்தனுப்பினான். சிவப்பு நிறம், ரப்பர் மாதிரி வளையும், சிலிக்கான் என்றான். ஓரம் தட்டுபோல ஏறியிருக்கும். நடுவில் பூவிதழ்போலக் கீறல் விட்டிருக்கும். பால் பொங்கினால் நுரை அந்த இதழ்களைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து தட்டில் நிற்கும், அடங்கினதும் வந்த வழியே உள்ளே இறங்கிவிடும். ஒரு சொட்டு வெளியே போகாது. அவன் இங்கிலீஷில் ஏதோ பேர் சொன்னான், எங்கள் வாயில் நுழையவில்லை. மதினிதான் பொங்காமூடி என்று பேர் வைத்தார். முதல் நாள் பக்கத்து வீட்டாரை எல்லாம் கூப்பிட்டு, பாலை வைத்து வேடிக்கை காட்டினார். என் மருமகன் அனுப்பினது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

நல்ல சாமான்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுப்பு துடைக்கிற வேலை எனக்கு மிச்சம். ஆனால் அது வந்ததிலிருந்து நான் எதற்கும் வாய் திறக்க முடியாமல் போனது. ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வர முடியவில்லையே என்றால், அதான் மூடி இருக்கே என்பார்கள். சரவணன் என்னைச் சிங்கப்பூருக்கு வந்து கொஞ்ச நாள் இரு என்று கூப்பிடுவான். அத்தையை யார் பார்ப்பது என்றால், மூடி அனுப்பியிருக்கேனேம்மா என்பான். மூடி தானாக எழுந்து போய்ப் பாத்திரத்தில் உட்காராது. அதை எடுத்து வைக்கவும், வைத்ததை ஞாபகப்படுத்தவும், குளிக்கப் போன இடத்திலிருந்து ஓடி வந்து பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் களைத்துப்போயிருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அலுத்துப்போனது மேடம். கோபம் இல்லை, கோபப்படவும் தெம்பு வேண்டும்.

கறம்பக்குடியில் என் ஆத்தா படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள். இனி தேறாது என்று ஆள் அனுப்பினார்கள். மூடியை நம்பித்தான் நான் அங்கே தங்கப் போனேன். ராத்திரி முழுக்க ஆத்தா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் மதினி போன் செய்தார்.

"திலகா, மூடி எங்கத்தா வச்ச? காணுமே."

ஆணியில் தொங்குகிறது என்றேன். சரி என்று வைத்தார். திரும்பவும் கூப்பிட்டார். அங்கிட்டு இங்கிட்டு எல்லாம் தேடியாச்சு, இல்லை என்றார். பால் காய்ச்ச வேண்டாம் மதினி, டீக்கடையில் வாங்கிக் குடிங்க என்றேன். பால் திரிஞ்சு போகுமே என்றார். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டபோது அவர் போனை எடுக்கவில்லை. சுடர்விழியும் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்தபோது மதினி வாசலில் கோழியோடு உட்கார்ந்திருந்தார். மூடி ஆணியில் தொங்கியது.

"இந்தா இருக்கே. நாந்தான் பாக்கலபோல," என்று சிரித்தார்.

நான் பஸ்ஸில் இருந்தபோதே ஆத்தா போய்விட்டார்கள். கடைசியில் என் பேரைச் சொல்லிக் கேட்டார்களாம். திலகவதி எங்கே என்று கேட்டதற்கு, மூடி தேடப் போயிருக்கிறாள் என்று என் தம்பி பெண்டாட்டி சொன்னாளாம். அவள் குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். அன்றிலிருந்து அந்த மூடியைக் கழுவும்போதெல்லாம் அந்த வார்த்தை காதில் விழும். தினமும் இரண்டு வேளை கழுவ வேண்டியிருந்தது.

இப்போது நீங்கள் கேட்ட நாளுக்கு வருகிறேன்.

சரவணனுக்குப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்து, தை பிறந்த கையோடு சேர வேண்டியிருந்தது. அவன் சேருகிற நாளில் விராலிமலை முருகனுக்கு அர்ச்சனை வைப்பதாக வேண்டியிருந்தேன். விடியுமுன் எழுந்தேன். பாலைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றி, விளிம்பு வரைக்கும் நிறைத்து அடுப்பின் மேல் வைத்தேன். பனிக்காலம், அடுப்படி ஜன்னல் சாத்தியே கிடக்கும். பூனை வரும் என்று பின்கதவையும் சாத்தினேன். தேங்காய், பழம், கற்பூரம் எடுத்து வைத்த பையிலேயே மூடியையும் வைத்தேன். சொல்லிவிட்டுப் போனால் போதாதா, ஏன் எடுத்துப் போக வேண்டும் என்றீர்கள். மதினிக்கு மனதுதான் மறக்கும், கை மறக்காது. ஆணியில் கண்ணில் பட்டால் கை தானாக எடுத்துப் போட்டுவிடும். சுடர்விழி பொங்கலன்று சாயங்காலம் லீவுக்கு ஊருக்குப் போனவள் இன்னும் வரவில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

அர்ச்சனை நல்லபடியாக முடிந்தது. படி இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது, ஒரு படியில் உட்கார்ந்தேன். கீழே மயில் ஒன்று கத்திக்கொண்டிருந்தது. போன் வந்தது. வரும் என்று எதிர்பார்த்துத்தான் கையிலேயே வைத்திருந்தேன்.

"திலகா, மூடி எங்கத்தா?"

மூடி என் மடியில் பைக்குள் இருந்தது. அந்த நேரத்தில் நான் வேறு எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அடுப்பைத் தொடாதீங்க, இதோ வாரேன் என்று சொல்லியிருக்கலாம். கறம்பக்குடியிலிருந்து அப்படித்தான் ஓடி வந்தேன்.

"இன்னிக்கு மூடி வேணாம் மதினி," என்றேன். "சரவணன் வேலையில சேர்ற நாளு. பால் பொங்கி வழிஞ்சாத்தான் அவனுக்கு விருத்தி. நீங்களே பொங்க வைங்க."

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாலியறுத்த நாளிலிருந்து அவரை ஒரு பொங்கல் பானைக்குப் பக்கத்தில் யாரும் விட்டதில்லை. பொங்கலோ பொங்கல் என்று எல்லோரும் கத்தும்போது அவர் கொல்லையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பார். என் வீட்டுக்காரர் போனபிறகு எனக்கும் அதேதான், சுடர்விழிதான் வந்து பானை வைத்துக் கொடுப்பாள்.

"நான் வைக்கலாமாத்தா?" என்று கேட்டார்.

"அவனைத் தூக்கி வளத்தது நீங்கதானே. வேற யாரு வைக்கணும்?" என்றேன்.

அது பொய் இல்லை. அந்த ஒன்றை நான் மனதாரச் சொன்னேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். மதினி உடம்பெல்லாம் வெந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கண் மூடுமுன் உங்களிடம் வாக்குமூலம் கொடுத்தார். திலகா மேல தப்பு இல்ல, அவ எம்புள்ள நல்லதுக்குத்தான் மூடி வேணாம்னா, அவளை ஒண்ணும் கேக்காதீங்க என்று சொன்னதாகச் சொன்னீர்கள். அவர் அப்படிச் சொன்னதால்தான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். என்னைக் காப்பாற்றத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் முழுசாகச் சொல்லவில்லை, பாவம், அந்த நிலையில் எவ்வளவுதான் சொல்வார். நான் இன்னும் ஒன்று சொல்லியிருந்தேன். பால் பொங்கினதும் யாரும் அடுப்பைத் தொடக்கூடாது, தலைக்குக் குளித்துவிட்டு வந்து, அடுப்படி மாடத்தில் இருக்கிற சாமிக்கு விளக்கேற்றிய பிறகுதான் பாத்திரத்தை இறக்க வேண்டும் என்றேன். அப்படி ஒரு சாஸ்திரம் எந்த ஊரிலும் இல்லை. படியில் உட்கார்ந்திருந்தபோது நானாக உண்டாக்கியது. தீ அணைந்திருந்தால் அவர் குமிழைத் திருக மாட்டார் என்று எனக்குத் தெரியும். வாடையும் தெரியாது என்று தெரியும். அவர் சாவகாசமாகத்தான் குளிப்பார் என்பதும் தெரியும். தீப்பெட்டி மாடத்திலேயே இருக்கும்.

ஆமாம் மேடம். தெரிந்துதான் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது தூங்கிவிட்டேன். அவ்வளவு நல்ல தூக்கம் எனக்கு வந்து ரொம்ப நாளாகியிருந்தது. கண்டக்டர்தான் தட்டி எழுப்பினார்.

ஆனால் ஒன்று, நான் அவருக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று ஆகிவிடக்கூடாது. ஒரு நாளாவது அவர் கையால் பால் பொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார், கைகூட எடுத்துக் கும்பிட்டிருப்பார். அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் வேறு யார் அவருக்கு அதைக் கொடுத்தார்கள்? நான்தான் கொடுத்தேன்.

அடுப்பின் ஒரு காலுக்குக் கீழே மடித்த அட்டை இருந்ததே, அது எதற்கு என்று நேற்றைக்குக் கேட்டீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடுப்பு தெற்கே லேசாகச் சாய்ந்திருக்கும். பால் தெற்கே வழிந்தால் பிள்ளைக்கு ஆகாது, கிழக்கே வழிய வேண்டும். அதனால் கிளம்புமுன் நான்தான் முட்டுக் கொடுத்தேன்.

சரவணன் வந்துவிட்டான், வெளியே உட்கார்ந்திருக்கிறான் என்றார்கள். சேர்ந்த அன்றைக்கே லீவு கேட்டிருக்கிறான், வேலைக்கு என்ன ஆகுமோ. என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறானாம், இருக்கட்டும், கோபம் ஆறினால் வருவான். நீங்கள் கேட்டதற்கெல்லாம் நான் பதில் சொல்லிவிட்டேன். நீங்கள் எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அவனிடம் சொல்ல வேண்டும். முதலில் அந்த அடுப்படிக்குள் போனது நீங்கள்தான். பால் கிழக்கேதானே வழிந்திருந்தது?