மச்சான் போட்ட குழாய்

பொழுது சாய்ந்து ஏழு மணி இருக்கும். கிடங்குகளுக்குப் பின்னால் போகிற சாலை... ஆள் அரவமே கிடையாது. என் நண்பனின் சித்தப்பா வண்டியில் தனியாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். தூரத்தில் வரும்போதே காதில் விழுந்தது. டப டப டப... அவர் வீட்டு ஷெட்டில் ஏர் கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம்.

அணைத்துவிட்டுத்தான் போயிருந்தார். சித்தியும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஷெட் அது. சித்தியின் அண்ணனும் அவரும் சேர்ந்து நடத்தினார்கள். காற்றுக் குழாய் போடும்போதே மச்சான் தலைதலையாய் அடித்துக்கொண்டார்.

"மாப்ள, காத்துக்கு பிளாஸ்டிக் ஆகாது. தண்ணின்னா கசியும், காத்துன்னா வெடிக்கும். இரும்புலயே போட்டுருவோம்."

"சரி மச்சான்" என்றவர், மச்சான் ஊரில் இல்லாத சமயம் பார்த்து பிளாஸ்டிக்கையே மாட்டி, இரும்பு மாதிரி தெரிய மேலே சாம்பல் பெயிண்டைப் பூசிவிட்டார். ஒரு மத்தியானம் அது வெடித்தது. கண்ணாடி மாதிரி சில்லுச் சில்லாக... ஒரு சில்லு மச்சானின் தொண்டையில்.

சாவு வீட்டில் சித்தப்பா கூசாமல் சொன்னார்: "உங்கண்ணன் போட்ட பைப்புதான். நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல."

சித்தி நம்பினாள். செத்த அண்ணனைத் திட்டித் திட்டி அழுதாள்.

பிறகு இரும்புக் குழாய் போட்டார். காற்றிலிருந்து குழாயில் சேரும் தண்ணீர் இறங்கச் சரிவு, கோடியில் அது வடிய ஒரு வால்வு... எல்லாம் மச்சான் சொன்னபடியே.

சத்தம் கேட்ட அன்று வண்டியை நிறுத்திவிட்டு ஷெட்டைத் திறந்தார். சத்தம் நின்றது. கம்ப்ரஸரைத் தொட்டால், சில்லென்று இருந்தது. ஆனால் மேலே குழாயில்... ஸ்ஸ்ஸ்... கசிவு எங்கே என்று பார்க்க சோப்பு நுரையைத் தடவினார். இணைப்புகளில் ஒன்றுமில்லை. இணைப்பே இல்லாத நடு இரும்பில் ஒரு குமிழ் கிளம்பியது. பெரிதாகி... சிறிதாகி... மறுபடி பெரிதாகி. மூச்சு மாதிரி. தின்னர் நெடியோடு பச்சை ரத்த வாடை.

குமிழ் உடைந்தது.

"மாப்ள... யாரு போட்ட பைப்பு?"

கத்துவதற்கு வாயைத் திறந்தார். காற்று உள்ளே போனது.

காலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். வாயைத் திறந்தால் மட்டும் பேச்சு வராது... ஸ்ஸ்ஸ் என்று காற்று.

முந்தாநாள் நண்பன் பார்க்கப் போயிருந்தான். சித்தி அவர் வாயருகே காதை வைத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாளாம். முகம் மெல்ல மெல்ல மாறியதாம். எழுந்து வந்து, நண்பனை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினாளாம். உள்ளே தாழ் விழுந்தது. அப்புறம் அவள் குரல்.

"சரிண்ணா... நான் பாத்துக்கறேன்."