வாசலைப் பார்த்த டிக்கி

சாதனா: ...பெட்டியை அப்புறம் வைக்கறேம்மா. முதல்ல இதைச் சொல்லு. கதவைத் திறந்ததும் எதிர்ல பல்லைக் காட்டிண்டு நிக்கறதே, இது என்ன?

பாகீரதி: டிக்கி.

சாதனா: டிக்கின்னா கார்ல பெட்டி வைக்கற இடம்.

பாகீரதி: அது வேற. இது பசிபிக் தீவுகள்ல மரத்துல செதுக்கற முகமாம். அதைப் பார்த்து அமெரிக்காவுல வீட்டு பார்ல அலங்காரத்துக்கு வெச்சுக்கறா. கரியாஹாட் சைபர் கஃபேல படத்தோட எட்டுப் பக்கம் பிரிண்ட் எடுத்துக் குடுத்தான். ...பார்த்து, அங்க காலை வைக்காதே. உளி கிடக்கு.

சாதனா: உளியா? நீயா செதுக்கினே?

பாகீரதி: ஏன், நம்பற மாதிரி இல்லையா?

சாதனா: ஒரு கண்ணு மட்டும் பெரிசா இருக்கே...

பாகீரதி: தோண்டறச்சே உளி வழுக்கிடுத்து. சரி பண்ணப் போய் பெரிசாயிடுத்து. இன்னொண்ணை அதுக்குச் சமமாப் பண்ணலாம்னு போனேன், மூக்கு கொஞ்சம் போயிடுத்து. அதோட விட்டுட்டேன்.

சாதனா: கையைக் காட்டு. ...அம்மா, மூணு விரல்ல பிளாஸ்திரி.

பாகீரதி: போன மாசம் அஞ்சுலயும் இருந்தது. கட்டையை ஸ்டூலோட இறுக்கிக் கட்டணும், ரெண்டு கையும் உளிக்குப் பின்னாடி இருக்கணும். எட்டுப் பக்கத்துல முதல் பக்கமே அதுதான். நான் அதைக் கடைசியாப் படிச்சேன்.

சாதனா: சிரிக்காதே. மரம் ஏது?

பாகீரதி: பொய்ஷாக் மாசம் அடிச்ச புயல்ல, பக்கத்து வீட்டு மித்ரா பௌதி தோட்டத்து மாமரம் விழுந்துது. வேணுங்கறதை எடுத்துக்கோன்னா. முதல் கட்டை பச்சையா இருக்குன்னு தெரியாம வெயில்ல வெச்சுட்டேன். நெத்திலேர்ந்து தாடை வரைக்கும் வெடிச்சுப் போச்சு. மூணு நாள் வேலை. இது ரெண்டாவது... நீ காபி குடிக்கறியா?

சாதனா: குடிச்சாச்சு. சாந்த்ராகாச்சி ஸ்டேஷன்ல வண்டியை ஒரு மணி நேரம் போட்டுட்டான். அங்கயே ரெண்டு காபி ஆச்சு. பேச்சை மாத்தாதே. இதெல்லாம் ஹால்ல அப்பா வெச்ச பாருக்கா?

பாகீரதி: நம்மாத்து பாருக்கு.

சாதனா: அப்பா போய் ஒண்ணரை வருஷம்தான் ஆறது. பார்க்கறவா என்ன சொல்லுவா?

பாகீரதி: முப்பது வருஷம் அப்பா அதுக்குப் பின்னாடி நின்னுண்டு பேங்க் ஆபீசர்களுக்கெல்லாம் ஊத்திக் குடுத்தார். நான் உள்ளே வெங்காய பக்கோடா போட்டுண்டிருந்தேன். எல்லாரும் போனப்புறம் கிளாஸ் அலம்பினேன். அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலையே.

சாதனா: அது வேறம்மா...

பாகீரதி: என்ன வேற?

சாதனா: ...கீழ் வீட்டு வத்சலா மாமி மெட்ராஸுக்கே போன் பண்ணிச் சொன்னா. சனிக்கிழமை சாயங்காலம் இங்க கூட்டம் சேர்றதாம்.

பாகீரதி: மித்ரா பௌதி, மூணாவது மாடி மிஸ் டிசூசா, நான். மூணு பேர் கூட்டமா? வத்சலாவையும்தான் கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டா. வராமலே எல்லாம் தெரிஞ்சு வெச்சிண்டிருக்கா.

சாதனா: நீ... குடிக்கறியாம்மா?

பாகீரதி: ஜின். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு. ஒரு கிளாஸ்.

சாதனா: பாப் ரே...

பாகீரதி: முதல் நாள் கசந்தது. இப்பவும் கசக்கறது. ஆனா அந்த உசரமான ஸ்டூல்ல உக்காந்துக்கறது நன்னாயிருக்கு. அத்தனை வருஷம் தூசி தட்டியிருக்கேன், ஒரு நாள் உக்காந்ததில்லை. அங்கேர்ந்து ஜன்னல் வழியா டிராம் போறது தெரியறதுடி. எனக்குத் தெரியவே தெரியாது.

சாதனா: அம்மா, மறுபடி உளியை எடுக்காதே. ஒரு விஷயம் பேசணும்.

பாகீரதி: பேசு. உப்புத்தாள் போட்டுண்டே கேக்கறேன். புருவம் இன்னும் சொரசொரன்னு இருக்கு.

சாதனா: தனியா எத்தனை நாள் இங்க இருப்பே? சைதன்யா அண்ணா வேளச்சேரில பெரிய ஃபிளாட்டா வாங்கியிருக்கான். உனக்குன்னு ஒரு ரூம்...

பாகீரதி: எவ்வளவு பெரிசு?

சாதனா: பத்துக்குப் பத்து இருக்கும்.

பாகீரதி: பாரே ஏழடி.

சாதனா: விளையாடாதேம்மா.

பாகீரதி: விளையாடலை. நான் வரலை, சாதனா.

சாதனா: உடம்புக்கு ஏதாவது வந்தா யாரு...

பாகீரதி: மாடில டிசூசா இருக்கா. ரிடையர்டு நர்ஸ். என் விரலுக்குக் கட்டுப் போட்டதே அவதான். உன் அண்ணாவும் மன்னியும் காலம்பற எட்டு மணிக்கு ஆபீஸ் போனா ராத்திரி எட்டுக்கு வரா. அங்க யாரு இருக்கா?

சாதனா: உன் நல்லதுக்குத்தான் எல்லாம் பண்ணினோம்.

பாகீரதி: என்ன பண்ணினேள்?

சாதனா: ...கோச்சுக்காதே. மே மாசத்துலேர்ந்து ஆட்கள் வந்தாளே, பெயின்ட் எஸ்டிமேட், கேஸ் லைன் பார்க்கணும்னு... அவாள்ளாம் பெயின்ட்காரா இல்லம்மா. ஃபிளாட்டை வாங்க வந்தவா. சைதன்யாதான் புரோக்கர் மூலமா அனுப்பினான். விலை படிஞ்சப்புறம் உன்கிட்ட சொல்லிக் கையெழுத்து வாங்கலாம்னு... எனக்கும் தெரியும். தப்புதான்.

பாகீரதி: ம்.

சாதனா: அதுவும் ஒண்ணும் நடக்கலை. முதல்ல வந்தவருக்கு இடம் ரொம்பப் பிடிச்சிருந்ததாம். ரெண்டு வாரம் கழிச்சு சம்சாரத்துக்குக் காட்டக் கூட்டிண்டு வந்தார், அந்த அம்மா வாசப்படியைக்கூடத் தாண்டலையாம். அப்புறம் வந்த ரெண்டு பேரும் அப்படியே திரும்பிட்டா. பாலிகஞ்ச்ல இந்த மாதிரி இடம் யாருக்குக் கிடைக்கும்? இப்ப புரோக்கரும் போனை எடுக்கறதில்லை. ஏன்னு சைதன்யா மண்டையை உடைச்சுண்டிருக்கான்.

பாகீரதி: முதல்ல வந்த அந்தப் பெயின்ட்காரர் எந்தச் சுவத்தையும் தொட்டுக்கூடப் பார்க்கலைடி. பூஜை அலமாரி எந்தத் திசையைப் பார்த்திருக்குன்னு கேட்டார். வீடு வாங்க வரவாதான் அதெல்லாம் கேப்பா. அவர் லிஃப்ட்ல இறங்கினதும் நான் கரியாஹாட் போய் உளி வாங்கிண்டு வந்தேன்.