சும்மா நிற்கும் தூண்

— இன்னா ஹேமந்த், பாலம் மறுபடியும் தொங்குது?

— எங்க ஜெபா? நேத்து சாயங்காலம் நான் எழுந்து போறப்ப நல்லாத்தானே இருந்துச்சு.

— நல்லாவா இருந்துச்சு?

— ...ஓரளவுக்கு.

— ஸ்க்ரீனப் பாரு. லாரிய ஏத்துனா போதும், கொடிக்கவுறு மாரி நடுவுல எறங்கிடுது. இத இப்டியே கட்டுனா, முட்டுக்காட்டுத் தண்ணில லாரிதான் போட்டா மெதக்கும்.

— சாப்ட்வேர்ல எதனா பேஜாரா இருக்கும். அணைச்சிட்டுப் போடேன்.

— போட்டாச்சு. தூணு ரெண்டும் நேராத்தான் நிக்குது. ஆனா பாலத்தோட பாரம் அதுங்க மேல வரவே இல்ல. கல்யாண வூட்ல மாப்ள தோழன் மாரி சும்மா நிக்குதுங்க.

— சார் பாத்தாரா?

— எட்டி எட்டிப் பாத்துகினுதான் கீறாரு. இந்தப் பாலம் கம்ப்யூட்டர்ல தொங்காம ஓடிடுச்சுன்னா திங்கக்கெழம நான் ஐதராபாத் ஆபீஸ்ல இருக்கணுமாம். டிக்கெட் போட்டுரவா ஜெபான்றாரு.

— நீ இன்னா சொன்ன?

— பாலம் முடியட்டும் சார்னேன். வேற இன்னா சொல்றது?

— போறதுல... இஷ்டந்தானே உனக்கு?

— பேச்ச மாத்தாத. மொத தூணோட உச்சியப் பெருசாக்கு. இன்னா தெரியுது?

— ஒரு புள்ளி.

— இன்னும் பெருசாக்கு.

— ...ரெண்டு.

— பாலமும் தூணும் சேர்ற எடத்துல ஒண்ணுக்கு ரெண்டு ஜாயிண்ட். ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி. பாலம் ஒண்ணு மேல ஒக்காந்துகினு கீது, தூணு இன்னொண்ணப் புடிச்சிகினு கீது. ரெண்டும் தொடவே இல்ல.

— அதான் பாரம் எறங்கல. சில நேரம் சாப்ட்வேரே இப்டி...

— போடாது ஹேமந்த். சாப்ட்வேர் போட்டதெல்லாம் முடிஞ்சப்புறம், கையால போட்ட ஜாயிண்டுக்குத்தான் வரிசைல கடைசி நம்பர் வரும். இது கடைசி நம்பர். ஆபீசுக்கே இந்த ஒரு கம்ப்யூட்டர்லதான் சாப்ட்வேரு ஓடுது. காலைல நான், மத்தியானம் நீ. மூணாவது ஆளு யாரு?

— டீ கொண்டார ஏசுபாதம் அண்ணன்...

— அவரு கீபோர்டு மேல துணி போட்டு மூடுறதோட சரி. சொல்லு, கேட்டுகினுதான் கீறேன்.

— சரி. நாந்தான்.

— ஏன்?

— பாலம் ஓடுனா நீ போய்டுவ. ஓடலன்னா இங்கியே இருப்ப. அதுக்கு மேல ஒண்ணும் யோசிக்கல. மத்தியானம் நீ எழுந்துக்கற, நான் ஒக்கார்றேன். சேர் சூடு ஆர்றதுக்குள்ள நாலு வார்த்த பேசறோம். அதுவும் இல்லன்னா இந்தப் படூர்ல எனக்கு இன்னா கீது?

— சார் எனக்கு வேல தெரியலன்னு நெனச்சிகினு கீறாரு.

— தெரியும். நானே அவராண்ட போய் சொல்லிடறேன். மொதல்ல தள்ளு... இத அழிச்சாச்சு. தூண பாலத்தோட சேத்தாச்சு. ஓட்டு.

— ஓடுது, இரு...

— இன்னா, இன்னும் தொங்குது?

— முன்ன மாரி இல்ல. மொத தூணு பாரத்த வாங்கிகிச்சு. ரெண்டாவது தூணு இன்னும் சும்மாதான் நிக்குது.

— அதுல நான் கையே வெக்கல ஜெபா. எங்கம்மா மேல சத்தியமா.

— தெரியும்.

— தெரியுமா? அப்ப எப்டி... பெருசாக்கு. இன்னும். இங்கயும் ரெண்டு ஜாயிண்டா? அதே ஒரு மில்லிமீட்டர். இதுவும் கையால போட்டதுதான்... ஆனா மத்தியானம் நான் போடல. காலைல...

— ம்.

— ஜெபா... இத எப்ப போட்ட?

— ஐதராபாத் பேச்சு வந்த அன்னிக்கே. நம்பரப் பாரு ஹேமந்த், உன்னுதுக்கு முந்துன நம்பரு.