கழற்றிய கதவு

"மேனேஜர் ஆபீஸ் கதவக் கழட்டுன அன்னைக்கே நான் யோசிச்சிருக்கணும் லா."

தம்போய் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் தொழிற்சாலைச் சீருடையோடு இரண்டு பெண்கள். சொன்னவர் மூத்தவர். இளையவள் சிரித்தாள்.

"யாரும் வந்து பேசலாம், நம்பிக்கைதான் முக்கியம்னு அவரு சொன்னப்போ நீங்கதானக்கா மொதல்ல கைதட்டுனீங்க?"

"தட்டுனேன். நம்பித்தான் உள்ள போனேன். சூப்பர்வைசர் மெஷின் கவரக் கழட்டிட்டு ஓட்டச் சொல்றான், யாரு கையாவது போயிடும்னு சொன்னேன். அவன் மேச அந்த ஆபீஸ் வாசல்லயே இருக்கு. கதவு இல்லியா, எல்லாத்தையும் கேட்டுட்டான்."

"அலமாக், ஐயய்யோ! மேனேஜர் என்ன சொன்னாரு?"

"தைரியமா சொன்னதுக்கு நன்றின்னாரு. நாளையிலருந்து அதே மெஷின்ல நான்தான் நிக்கணும்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். கவர் இன்னும் மாட்டல."

நம்பிக்கை வளர்க்கிறார்களாம், மண்ணாங்கட்டி என்று நினைத்துக்கொண்டேன்.

மூத்தவர் தன் வலது கையை மடியில் வைத்து இன்னொரு கையால் பொத்திக்கொண்டார்.

"நீயும் பாத்தியே மாலா. காலையில என்கூட உள்ள வந்து மேனேஜர்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன்."

மாலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மொதல்ல கதவ மாட்டட்டும்க்கா. அப்புறம் வரேன்."